மெமரி ஃபோம் மெத்தை வாங்கும் முன்: கடலூர், புதுச்சேரி வீடுகளில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அப்பா திருப்பாதிரிப்புலியூரில் இலவம் பஞ்சு மெத்தை தைத்துக் கொடுத்தவர். கடையை மூடிப் பல வருஷம் ஆகிறது. ஆனாலும் தெருவில் எங்கள் வீட்டுக்கு இன்னும் ‘மெத்தைக்கடை வீடு’ என்றுதான் பெயர். கல்யாணச் சீருக்கு வாங்குகிறவர்கள், முதுகுவலிக்காரர்கள், வயதான அம்மா அப்பாவுக்குப் புதுக் கட்டில் போடுகிறவர்கள் என்று யாராவது வந்து கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நான் மெத்தை விற்கவில்லை. கூடப் போய்ப் பார்த்து வாங்கித் தருவதோடு சரி. சில வருஷங்களாக எல்லோரும் கேட்பது மெமரி ஃபோம் பற்றித்தான். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும், பார்த்துத் தெரிந்துகொண்ட பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

மெமரி ஃபோம் என்றால் என்ன? சாதாரண ஃபோமுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

இரண்டுமே பாலியூரித்தேன்தான். மெமரி ஃபோமின் சேர்மானம் கொஞ்சம் வேறு. அதனால் அமுக்கினால் உடனே எழும்பாமல் மெதுவாக எழும்பும். உடம்புச் சூடு பட்டால் இளகி, உடம்பின் வளைவுக்கு ஏற்பக் குழிந்து கொடுக்கும். 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கை மெத்தைகளுக்கென்று சார்லஸ் யோஸ்ட் என்ற பொறியாளர் இதை உருவாக்கினார். வீட்டுக் கட்டிலுக்கு வந்தது 1990களின் தொடக்கத்தில், ஸ்வீடனிலிருந்து. குளிர்நாட்டில் வளர்ந்த பொருள் இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பதிலுக்கு அது வேண்டும்.

கடையில் அடையாளம் காண்பது எளிது. உள்ளங்கையை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்திவிட்டு எடுங்கள். ஐந்து விரலும் பதிந்த பள்ளம் தெரிந்து, அது ஓரத்திலிருந்து மெல்ல நிரம்பி வந்தால் மெமரி ஃபோம். கையோடு கூடவே எழும்பி வந்தால் மேலே இருப்பது வேறு ஃபோம், பெயர்ப்பலகையில் என்ன எழுதியிருந்தாலும் சரி.

நம் ஊர் வெயிலுக்கு இது சரிப்படுமா? சூடு ஏறும் என்கிறார்களே?

ஏறும். இதை மறைத்துப் பேசுகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

காரணம் இரண்டு. ஒன்று, உடம்பு மெத்தைக்குள் கொஞ்சம் அமிழ்ந்து கிடப்பதால் இடுப்பு, முதுகுப் பக்கம் காற்று போக வழியில்லை. கோரைப்பாயில் படுத்தால் கீழேகூடக் காற்று ஊடாடும். இதில் அது நடக்காது. இன்னொன்று நம் கடலோரக் காற்றின் ஈரம். கத்திரி வெயில் நாட்களில் ராத்திரி பத்து மணிக்கும் வியர்வை காயாது. வியர்வை காயாவிட்டால் உடம்பு குளிராது.

அறையில் ஏசி உண்டு, ராத்திரி முழுக்க ஓடும் என்றால் மெமரி ஃபோம் நன்றாகவே இருக்கும். ஃபேன் மட்டும்தான், அதுவும் மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்றால், முழு மெமரி ஃபோம் மெத்தையை நான் யாருக்கும் சொல்வதில்லை. மேலே ஒன்று அல்லது ஒன்றரை இஞ்ச் மெமரி ஃபோம், கீழே காற்றோட்டமுள்ள கெட்டி ஃபோம் அல்லது ரப்பர் பாலில் செய்த லேடெக்ஸ் என்று இருப்பதைப் பாருங்கள். ‘ஜெல்’ கலந்தது குளிர்ச்சி என்பார்கள். படுத்ததும் குளுகுளுவென்று இருப்பது உண்மைதான். ஆனால் கொஞ்ச நேரத்தில் ஜெல்லும் உடம்புச் சூட்டுக்கு வந்துவிடும். அதற்காக அதிகப் பணம் கொடுப்பதைவிட நல்ல பருத்தி உறைக்குக் கொடுக்கலாம்.

இதில் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. வெப்பம் ஏறினால் இந்த ஃபோம் இளகும், இறங்கினால் கெட்டியாகும். புதுச்சேரி நேரு வீதியிலோ காமராஜர் சாலையிலோ ஏசி போட்ட ஷோரூமில் நீங்கள் படுத்துப் பார்க்கும்போது அது ஒரு பதத்தில் இருக்கும். அதே மெத்தையை மே மாதம் முத்தியால்பேட்டை வீட்டு மாடி அறையில் போட்டால் இன்னும் இளகியிருக்கும். இளகல் வேண்டாம் என்பவர்கள் கடையில் ‘கொஞ்சம் கெட்டியாக இருக்கிறதே’ என்று தோன்றுவதை எடுத்தால் வீட்டில் சரியாக இருக்கும். மார்கழி விடியற்காலையில் அதே மெத்தை விறைப்பாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். படுத்துக் கொஞ்ச நேரத்தில் இளகும்.

டென்சிட்டி 40, 50 என்கிறார்களே, எண் கூடினால் மெத்தை கெட்டியாகுமா?

இல்லை. எண்ணைப் பார்த்து ஏமாறுவது இந்த இடத்தில்தான் அதிகம். டென்சிட்டி என்பது அடர்த்தி, அதாவது ஒரு கன மீட்டர் ஃபோம் எத்தனை கிலோ என்ற கணக்கு. அடர்த்தி கூடிய ஃபோம் மெத்தென்றும் இருக்கலாம், கெட்டியாகவும் இருக்கலாம். அடர்த்தி சொல்வது ஆயுளை: சீக்கிரம் பள்ளம் விழுமா, தாங்குமா என்பதை. மெமரி ஃபோம் பாகம் 50-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. 40-க்குக் கீழே போனால் பெயருக்குத்தான் மெமரி ஃபோம். அடியில் இருக்கும் தாங்கு ஃபோம் 32-க்குக் குறையாமல் பாருங்கள். 40 என்றால் இன்னும் நல்லது.

கடைக்காரர் சொல்லும் எண்ணைச் சரிபார்க்க எடை போதும். மெத்தையின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் இஞ்ச் கணக்கில் பெருக்கி 61,000-ஆல் வகுத்தால் கன மீட்டர் வந்துவிடும். 75-க்கு 60, உயரம் 6 இஞ்ச் என்றால் 27,000, வகுத்தால் 0.44. போன வருஷம் செம்மண்டலத்தில் ஒரு வீட்டுக்கு வந்த அட்டைப்பெட்டியில் ‘50 டென்சிட்டி’ என்று பெரிதாகப் போட்டிருந்தது. பெட்டியின் ஓரத்தில் சின்ன எழுத்தில் எடை 15 கிலோ. உறைக்கு இரண்டு கிலோ கழித்தால் ஃபோம் 13 கிலோ. அதை 0.44-ஆல் வகுத்தால் 30-க்குக் கொஞ்சம் கீழே வருகிறது. மெத்தை முழுக்க 50 இல்லை. மேலே ஒரு மெல்லிய தகடு மட்டும் 50, மற்றதெல்லாம் லேசான ஃபோம். வாங்கும் முன் விவரப் பட்டியலில் எடை போட்டிருக்கிறதா பாருங்கள். போடவில்லையென்றால் கேளுங்கள்.

ஒன்றே ஒன்று. அடியில் ‘ரீபாண்டட்’ என்ற, ஃபோம் துண்டுகளை அரைத்து ஒட்டி அழுத்திய பலகை இருந்தால் எடை எக்கச்சக்கமாக ஏறும். அந்த எடையை வைத்து மேலே இருக்கும் ஃபோம் நல்லது என்று முடிவு கட்டக் கூடாது. ரீபாண்டட் மோசமான சரக்கு இல்லை. கெட்டியாக வேண்டும் என்பவர்களுக்கு அடிப்பாகமாக அது நன்றாகவே உழைக்கும். ஆனால் கணக்கு மாறும்.

எட்டு இஞ்ச் மெமரி ஃபோம் என்று விளம்பரம் செய்கிறார்கள். எட்டு இஞ்சும் அதுதானா?

இருக்காது, இருக்கவும் கூடாது. முழுக்க மெமரி ஃபோம் என்றால் உடம்பு புதைந்துவிடும். தாங்குவது அடிப்பாகம், இதமாக இருப்பது மேல்பாகம். ஆனால் மேல்பாகம் எத்தனை இஞ்ச் என்பதை நீங்கள் தெரிந்துகொண்டாக வேண்டும். அரை இஞ்ச் ஒட்டிவிட்டு மெமரி ஃபோம் என்று பெயர் வைத்த மெத்தைகளை நான் பார்த்திருக்கிறேன். உறையில் ஜிப் இருந்தால் திறந்து காட்டச் சொல்லுங்கள். “அண்ணே, ஒரு ஓரத்தை மட்டும் காட்டுங்க, லேயரைப் பார்த்துக்கிறேன்” என்றால் நல்ல கடைக்காரர் மறுக்க மாட்டார். அங்கேயே டேப் வைத்து அளந்துவிடலாம்.

இரண்டு மெத்தைகளை ஒப்பிடும்போது மொத்த உயரத்தை ஒப்பிடாதீர்கள். ஒவ்வொரு லேயரும் எத்தனை இஞ்ச், அதன் அடர்த்தி என்ன என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு அதற்கப்புறம் விலையைப் பாருங்கள். எம்.ஆர்.பி.யில் 50 சதவீதம் தள்ளுபடி, 60 சதவீதம் தள்ளுபடி என்பதையெல்லாம் அந்தத் தாளில் எழுதவே வேண்டாம். கையிலிருந்து போகும் தொகை மட்டும் போதும்.

முதுகுவலிக்கு ‘ஆர்த்தோ’ மெத்தைதான் வாங்க வேண்டுமா?

ஆர்த்தோ என்பது கம்பெனி வைக்கும் பெயர். மருத்துவர் யாரும் சோதித்துக் கொடுத்த பட்டம் இல்லை. முதுகுவலி என்றாலே பலகை மாதிரி கெட்டியாக இருக்க வேண்டும் என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை உண்டு. 2003-இல் லான்செட் மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வந்தது. நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு பாதிக்குக் கெட்டி மெத்தை, மறுபாதிக்கு நடுத்தரக் கெட்டி மெத்தை கொடுத்து 90 நாள் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்குத்தான் வலி அதிகம் குறைந்தது.

படுக்கும் வாகும் முக்கியம். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் கொஞ்சம் அமிழ வேண்டும். அவருக்கு மெமரி ஃபோம் நன்றாகப் பொருந்தும். மல்லாந்து படுப்பவருக்கு நடுத்தரம். குப்புறப் படுப்பவருக்கு இடுப்பு கீழே இறங்கிவிடும், அவர் கெட்டியானதை எடுக்கட்டும். வலி கால் வரைக்கும் இறங்கினாலோ, மரத்துப் போனாலோ மெத்தைக் கடைக்குப் போவதற்கு முன்னால் டாக்டரிடம் போங்கள்.

வயதான பெற்றோருக்கு வாங்கலாமா?

என் மாமியாருக்கு வாங்கியபோது நான் செய்த தவறைச் சொல்கிறேன். படுத்துப் பார்த்துவிட்டு “பஞ்சு மாதிரி இருக்குப்பா” என்று சந்தோஷப்பட்டார். வாங்கிவிட்டேன். படுத்தபின் புரள்வது அவருக்குப் பெரும்பாடாகிவிட்டது. மெதுவாக எழும்பும் ஃபோம் என்பதால் உடம்பு கிடந்த பள்ளத்திலேயே கிடக்கும். பள்ளத்தை ஏறிக் கடந்துதான் திரும்ப வேண்டும். விடியற்காலையில் எழுந்திருக்கக் கையை ஊன்றினால் கை உள்ளே போகும். ஓரத்தில் உட்கார்ந்தால் ஓரம் சரியும். மூட்டு தேய்ந்தவருக்கு இது எவ்வளவு சிரமம் என்று கடையில் எனக்குத் தோன்றவில்லை. இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெட்டியான, அமுக்கினால் உடனே எழும்பும் எச்.ஆர். ஃபோம் மெத்தைக்கு மாற்றினோம்.

அதனால் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போய், படுக்க வைத்து, இரண்டு பக்கமும் திரும்பச் சொல்லி, ஓரத்தில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பாருங்கள். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் முழங்கால் அளவில் இருக்க வேண்டும். உட்கார்ந்தால் பாதம் இரண்டும் தரையில் முழுக்கப் பதிய வேண்டும். பழைய தேக்குக் கட்டிலே உயரம் என்றால் பத்து இஞ்ச் மெத்தையை அதன் மேல் ஏற்றாதீர்கள். நான்கு அல்லது ஐந்து இஞ்ச் போதும்.

கைக்குழந்தையைப் படுக்க வைக்கலாமா?

வேண்டாம். குழந்தைக்குச் சமதளமான, அமுங்காத படுக்கைதான் வேண்டும். இளகும் மெத்தையில் குப்புறக் கவிழ்ந்துவிட்டால் மூக்கு அமுங்கி மூச்சு முட்டும்.

கட்டில் ஆசாரி செய்தது. அளவு சரியாகக் கிடைக்குமா?

நம் பக்கத்தில் ஆசாரி போடும் கட்டில் பெரும்பாலும் ஆறேகால் அடிக்கு நாலு, ஆறேகால் அடிக்கு அஞ்சு. ஆறேகால் அடி என்றால் 75 இஞ்ச். ஆன்லைனில் 72, 75, 78 என்று மூன்று நீளமும் வரும். ‘குயின்’ என்ற பெயரை மட்டும் பார்த்து 78 வாங்கிவிட்டு, கால்மாட்டுப் பலகை இடித்து நடுவில் மேடாக நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கட்டிலின் உள் அளவை எடுங்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் இரண்டு இடத்திலும் அகலத்தை அளந்து, குறைந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

அடியில் ரீப்பர் (மரச்சட்டம்) போட்ட கட்டில் என்றால் ரீப்பருக்கு ரீப்பர் இடைவெளி மூன்று இஞ்சுக்கு மேல் போகக் கூடாது. போனால் ஃபோம் அந்தச் சந்தில் இறங்கும். முழு பிளைவுட் என்றால் ஆங்காங்கே துளை போடச் சொல்லுங்கள். கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டிலுக்கு இந்த மெத்தை ஆகாது. தரையில் நேராகப் போடுவதும் ஆகாது. நம் ஊர்த் தரை ஈரத்துக்கு அடியில் கருப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடித்துவிடும்.

புதுச்சேரியில் வாங்கினால் விலை குறையுமா? ஆன்லைனில் வாங்கலாமா?

ஒரு காலத்தில் கடலூரிலிருந்து புதுச்சேரிக்குப் போய்ச் சாமான் வாங்கியதற்கு வரி வித்தியாசம் ஒரு காரணம். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி வந்தபின் மெத்தைக்கு இரண்டு ஊரிலும் ஒரே வரி. இப்போது புதுச்சேரிக்குப் போவதில் உள்ள லாபம், படுத்துப் பார்க்க நிறையக் கடைகள் இருப்பது. விலை சமமென்றால், குட்டியானை வாடகையையும் கூட்டிப் பாருங்கள். நாளைக்கு ஒரு குறை என்றால் மஞ்சக்குப்பத்துக் கடைக்காரரிடம் சாயங்காலம் நடந்து போய்ச் சொல்லிவிடலாம்.

ஆன்லைன் மெத்தையில் நல்ல பயன் 100 நாள் போலக் கிடைக்கும் சோதனைக் காலம்தான். வீட்டு அறையில், வீட்டு வெயிலில் படுத்துப் பார்க்கலாமே! ஆனால் நிபந்தனைகளைப் படியுங்கள். உங்கள் பின்கோடுக்கு வந்து எடுத்துப் போவார்களா? பணமாகத் தருவார்களா, வேறு மெத்தைதான் தருவார்களா? இரண்டையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் சோதனைக் காலம் சித்திரை, வைகாசியில் விழுகிற மாதிரி வாங்குங்கள். மார்கழியில் வாங்கி நன்றாக இருக்கிறது என்று விட்டுவிட்டால், வெயில் வரும்போது நாள் முடிந்திருக்கும்.

பில் கட்டாயம். பிரச்சினை வந்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே வழக்குப் போட முடியும்.

சுருட்டி வந்த மெத்தையைப் பிரித்ததும் வாசனை அடிக்கிறதே?

புது ஃபோம் வாசனை. சன்னலைத் திறந்து வைத்து, உறையில்லாமல் இரண்டு மூன்று நாள் விடுங்கள், பெரும்பாலும் போய்விடும். முழு உயரத்துக்கு எழும்பவும் ஓரிரு நாள் ஆகும். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த அறையில் அதுவரை படுக்க வேண்டாம். ‘சர்ட்டிபூர்’, ‘ஓக்கோ-டெக்ஸ்’ சான்று உள்ளவை ரசாயனச் சோதனை கடந்தவை. தேர்ந்தெடுக்கும்போது அதையும் பாருங்கள். கல்யாணத்துக்கு என்று முன்கூட்டியே வாங்கி, சுருட்டியபடியே மாதக்கணக்கில் பரணில் போட்டுவிடாதீர்கள்.

மொட்டை மாடியில் வெயிலில் போடலாமா?

கூடாது! இதை எத்தனை தடவை சொன்னாலும் பெரியவர்கள் கேட்பதில்லை. அவர்கள் பழக்கம் அப்படி. இலவம் பஞ்சு மெத்தையை வெயிலில் போட்டு, குச்சியால் நாலு தட்டுத் தட்டினால் பஞ்சு உப்பி வரும், ஈரமும் போகும். பாலியூரித்தேனுக்கு வெயில்தான் எதிரி. மஞ்சளாகி, மேல்பாகம் பொடிப்பொடியாக உதிர ஆரம்பித்துவிடும். நிழலில், காற்றோட்டமான இடத்தில் நிமிர்த்தி வைத்தால் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை தலைமாட்டைக் கால்மாடாக மாற்றிப் போடுங்கள். புரட்டிப் போடாதீர்கள், மெமரி ஃபோம் ஒரு பக்கம்தான் இருக்கும்.

தண்ணீர் பட்டுவிட்டால்?

ஒரு டம்ளர் சிந்தினால் துண்டால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் காய விடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவக் கூடாது. முழுக்க நனைந்தால் காப்பாற்றுவது கடினம். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. அடுத்த இரண்டு நாளில் தென்பெண்ணைத் தண்ணீர் கடலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் ஏறியது. அப்போது நனைந்த ஒரு குயின் சைஸ் மெத்தையை மூன்று பேர் சேர்ந்து தூக்க முடியவில்லை. மேலே தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. பத்து நாள் கழித்து ஓரத்தை அழுத்தினேன், பழுப்பு நிறத்தில் தண்ணீர் கசிந்தது, நாற்றம் தாங்கவில்லை. தூக்கிப்போடத்தான் வேண்டியிருந்தது. தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் ஐப்பசி பிறந்தால், மெத்தையைச் சுற்றப் பெரிய பிளாஸ்டிக் தார்ப்பாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீர் புகாத புரொடெக்டர் முதல் நாளே போட்டுவிடுங்கள். ரெக்சின் மாதிரி சரசரக்கும் பிவிசி வேண்டாம், வியர்த்துக் கொட்டும். மேலே பருத்தி டெர்ரி துணி, அடியில் டிபியு என்ற மெல்லிய பிளாஸ்டிக் படலம் உள்ளதாகப் பாருங்கள்.

பத்து வருஷ வாரண்டி என்றால் பத்து வருஷம் கவலை இல்லையா?

வாரண்டி பெரும்பாலும் பள்ளம் விழுவதற்கு மட்டும்தான். அதுவும் ஆள் படுக்காதபோதே ஒரு இஞ்ச் அல்லது ஒன்றரை இஞ்ச் ஆழம் இருந்தால்தான். என் அண்ணன் வீட்டு மெத்தையில் இரண்டாவது வருஷமே நடுவில் குழி விழுந்தது. இரண்டு ஓரத்துக்கும் நூல் கட்டி, நடுவில் ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னார்கள். ஆழம் போதுமான அளவு இருந்தது. ஆனால் படத்தில் காபிக் கறை ஒன்று தெரிந்தது. கறை பட்ட மெத்தைக்கு வாரண்டி கிடையாது என்று பதில் வந்துவிட்டது. அண்ணி அந்தப் படத்தை இன்னும் போனில் வைத்திருக்கிறார். கறை, கட்டிலின் ரீப்பர் இடைவெளி, உறையைக் கழற்றித் துவைத்தது என்று எதெதற்கெல்லாம் மறுப்பார்கள் என்பதை வாங்கும்போதே படியுங்கள்.

அப்படியானால் மெமரி ஃபோமை விட்டுவிட்டு வேறு வாங்கலாமா?

லேடெக்ஸ், ரப்பர் பாலில் செய்வது. காற்றோட்டம் நல்லது, உடனே எழும்பும், நீண்ட நாள் உழைக்கும், விலையும் எடையும் அதிகம். பணம் இருந்து ஏசி இல்லாத வீடு என்றால் என் தேர்வு அதுதான். பாக்கெட் ஸ்பிரிங்கும் காற்றோட்டமானது. தேவனாம்பட்டினம், குருசுக்குப்பம் மாதிரி கடலை ஒட்டிய வீடுகளில் உப்புக் காற்றுக்குக் கம்பி துருப்பிடிக்கும் என்பதால் தயங்குவேன். தேங்காய் நார் மெத்தை கெட்டி, விலை குறைவு. சில வருஷத்தில் நார் நொறுங்கித் தூள் கொட்டும். ஏசி அறை, ஒருக்களித்துப் படுப்பவர், கூடப் படுப்பவர் புரண்டால் தூக்கம் கலைகிறவர் – இவர்களுக்கு மெமரி ஃபோம் மாதிரி வேறில்லை. அடுத்தவர் அசைவு நம் பக்கம் வராது என்பது உண்மையான பலன்.

கடையில் எவ்வளவு நேரம் படுத்துப் பார்க்கலாம்?

பத்து நிமிஷமாவது. கூச்சப்படாதீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படி, கடைத் தலையணையோடு. கணவன் மனைவி இரண்டு பேரும் சேர்ந்தே.

வீட்டில் பழைய இலவம் பஞ்சு மெத்தை இருக்கிறது. தூக்கிப் போட்டுவிடலாமா?

போடாதீர்கள். அந்தப் பஞ்சுக்கு மறுபிறவி உண்டு. ஃபோம் உட்கார்ந்துவிட்டால் எழுப்ப வழியில்லை. இலவம் பஞ்சைப் பிரித்து, கொட்டை, தூசி நீக்கி, வெயிலில் காய வைத்து, கொஞ்சம் புதுப் பஞ்சு கலந்து அடைத்தால் திரும்பப் பயன்படும். மெத்தையாக வேண்டாம் என்றால் தலையணையாகத் தைத்துக்கொள்ளுங்கள். ஒரு பெரிய மெத்தைப் பஞ்சில் வீட்டில் எல்லோருக்கும் தலையணை வந்துவிடும். தைக்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். தெருவில் சைக்கிளில் “பழைய மெத்தை, தலகாணி அடைக்கிறது” என்று குரல் கேட்டால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். பக்கத்திலேயே இருந்து, உங்கள் பஞ்சே உங்கள் உறைக்குள் போகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.